நொடிக்கு 7,196 பதிவுகள்: ஹொமாரே சவாவும் நம் கடப்புறமும்

குழித்துறையாறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி மேற்கே போனால் பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. வெயில் தாழ்ந்ததும் இந்தக் கடப்புறத்தில் பையன்கள் பந்தோடு இறங்குவார்கள். குமரி மாவட்டத்தில் கால்பந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கரைதான். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை போய், 2019இல் இந்திய அணிக்கும் ஆடினார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். அவர்கள் போடும் கோல்களைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைப் பையன்கள் இங்கே இருக்கிறார்கள்.

அதே நேரத்தில் பெண்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருப்பார்கள். காலையில் கடவத்தோடு சந்தைக்குப் போனவர்கள் திரும்பி வந்து உலை வைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து வயதுவரை பெண் பிள்ளைகளும் பந்துக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். வயதுக்கு வந்த பிறகு அப்படி ஓடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சூசைராஜின் பெயரைச் சொல்வதுபோல ஒரு பெண் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் யோசிக்க வேண்டியிருக்கும்.

விளையாடுகிற பெண்ணுக்குப் புகழ் எப்படி வருகிறது, வந்த புகழ் அவளுக்கு என்ன தருகிறது, அவளிடமிருந்து என்ன கேட்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஜப்பான்வரை போய்வர வேண்டியிருக்கிறது. பெண்கள் கால்பந்து இணையத்தை நிரப்பிய ஒரு இரவின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2011 ஜூலை 17

அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஒருபக்கம் ஏற்கெனவே இரண்டு முறை கோப்பை வென்ற அமெரிக்கா. மறுபக்கம் அதுவரை இறுதிக்கே வந்திராத ஜப்பான். கூடுதல் நேரத்தில் அமெரிக்கா 2-1 என்று முன்னால் நின்றது. 117ஆவது நிமிடத்தில் அயா மியாமா மூலையிலிருந்து அடித்த பந்தை அணித்தலைவர் ஹொமாரே சவா காலின் வெளிப்பக்கத்தால் தட்டி வலைக்குள் தள்ளினார். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. 3-1 என்று ஜப்பான் வென்றது. ஆண், பெண் இருபாலரிலும் உலகக் கோப்பையை வென்ற முதல் ஆசிய அணி அதுதான்.

அந்த ஆட்டத்தின் முடிவில் ட்விட்டரில் ஒரு நொடிக்கு 7,196 பதிவுகள் விழுந்தன. அதுவரை உலகத்தில் நடந்த எந்த நிகழ்வுக்கும் ஒரு நொடியில் அத்தனை பதிவுகள் விழுந்ததில்லை. பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று காலங்காலமாகக் கேட்டவர்களுக்கு அந்த எண் ஒரு பதில்.

சவாவுக்கு அப்போது 32 வயது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர், அதிகக் கோல் அடித்தவர் என்ற இரண்டு விருதுகளும் அவருக்கே. 2012 ஜனவரியில் உலகின் சிறந்த பெண் கால்பந்து ஆட்டக்காரராக ஃபிஃபா அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த மேடையில் அவர் கிமோனோ உடுத்தி நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

இணையத்தில் இந்தக் கதை ஒரே இரவில் நடந்ததுபோலத் தெரியும். நடந்தது வேறு.

அந்த இரவுக்கு முந்தைய 30 வருடங்கள்

ஜப்பானில் பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1980இல் நடந்தது. ஒரு அணிக்கு 8 பேர்தான். அரைக்கு 25 நிமிடம்தான். பெண் உடம்பு அதற்கு மேல் தாங்காது என்ற நினைப்பு அந்த விதிகளிலேயே இருந்தது. 1981இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியப் போட்டிக்கு ஜப்பான் முதன்முதலாக ஒரு தேசிய அணியை அனுப்பியது. முதல் சுற்றோடு திரும்பியது.

அதே போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த நாடு எது தெரியுமா? இந்தியா.

இன்றைக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் உருவானது. 1980 ஜனவரியில் ஆசியப் போட்டி நம் பக்கத்துக் கோழிக்கோட்டில் நடந்தபோது இந்தியா வடக்கு, தெற்கு என்று இரண்டு அணிகளை இறக்கியது. அதில் தென்னிந்திய அணி இறுதிவரை போய் இரண்டாம் இடம் பெற்றது. 1983இல் பாங்காக்கில் இந்தியா மறுபடியும் இரண்டாம் இடம். அந்த அணியின் சாந்தி முல்லிக் அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண் கால்பந்து ஆட்டக்காரரானார். அன்று இந்தியா மேலே, ஜப்பான் கீழே. 2023 அக்டோபரில் தாஷ்கண்டில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இரு நாடுகளும் மோதியபோது ஜப்பான் 7-0 என்று வென்றது.

இடையில் என்ன நடந்தது? ஜப்பான் 1989இலேயே பெண்களுக்கு ஒரு தேசிய லீக் தொடங்கியது. ஆண்களுக்கான ஜே-லீக் வந்தது அதற்குப் பிறகு, 1993இல்தான். இந்தியாவில் ஆண்களுக்கான தேசிய லீக் 1996இல் வந்தது. பெண்களுக்கான இந்தியன் விமன்ஸ் லீக்கின் முதல் பருவம் 2017இல்தான் முடிந்தது. இடைப்பட்ட 20 வருடங்களில் நம் நாட்டில் எத்தனை பெண்கள் பந்தைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்! 2009இல் போதிய ஆட்டங்கள் ஆடாத காரணத்தால் உலகத் தரவரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயர் நீங்கியது.

ஜப்பானிலும் பாதை நேராக இல்லை. 1990களில் பொருளாதாரம் சரிந்தபோது நிறுவனங்கள் முதலில் கைவிட்டவற்றில் பெண்கள் அணிகளும் இருந்தன. சவாவின் வாழ்க்கை இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில்தான் ஓடியது. 1978இல் டோக்கியோவை அடுத்த ஃபுச்சுவில் பிறந்தவர். அண்ணனைப் பார்த்துப் பந்தை உதைக்கத் தொடங்கி ஆண் பிள்ளைகளுக்கு நடுவில் ஆடி வளர்ந்தார். 1993இல் 15 வயதில் தேசிய அணிக்கு முதல் ஆட்டம். அதிலேயே 4 கோல். 1999இல் பிழைப்பைத் தேடி அமெரிக்கா போனார். அங்கே தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் ஆடினார். அது 2003இல் மூடப்பட்டது. திரும்பி வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். 2011இல் உலகம் அவரைக் கண்டுபிடித்தபோது அவர் நாட்டுக்காக ஆடத் தொடங்கி 17 வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய அணியில் பலர் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள்.

புகழ் கேட்ட விலை

ஜப்பான் பெண்கள் அணிக்கு 'நடேஷிகோ' என்று பெயர். 2004இல் பொதுமக்களிடம் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. நடேஷிகோ ஒரு மென்மையான இளஞ்சிவப்புப் பூ. 'யமாதோ நடேஷிகோ' என்றால் அடக்கமும் பொறுமையும் உள்ள, குடும்பத்துக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் உத்தமப் பெண். நம் ஊரில் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நால்வகைக் குணம் சொல்வார்களே, அதன் ஜப்பானிய உறவு. பந்துக்காக மோதி விழுந்து எழும் பெண்களுக்கு இந்தப் பெயர். அவர்கள் ஆடி ஆடியே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம். எவ்வளவு ஓடினாலும் பூவாகவே இரு என்று அந்தப் பெயர் அவர்களுக்கு நினைவூட்டியது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

கோப்பையோடு திரும்பிய அணிக்கு ஜப்பான் அரசு மக்கள் கௌரவ விருது கொடுத்தது. அந்த விருதை ஒரு அணி பெற்றது அதுவே முதல் முறை. கூடவே ஒரு நினைவுப் பரிசும் தந்தார்கள்: புகழ்பெற்ற குமானோ கைவினைத் தூரிகைகள். முகத்துக்கு ஒப்பனை செய்யும் தூரிகைகள்.

இறுதி ஆட்டத்தில் கடைசிப் பெனால்டியை அடித்து வெற்றியை உறுதி செய்தவர் சாகி குமகாய். அப்போது அவருக்கு 20 வயது. சில நாட்களுக்குள் ஒரு விருந்தில் அவர் தனிப்பட்ட முறையில் பேசியதை அங்கிருந்த ஒரு மாணவர் ட்விட்டரில் போட்டுவிட்டார். குமகாய் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 7,196 என்ற எண்ணைத் தந்த அதே இணையம்தான் இதையும் தந்தது. ஆடுகளத்தில் அவளைக் கொண்டாடிய கண்கள் சாப்பாட்டு மேசைவரை பின்னால் வந்தன. பிறகு குமகாய் பிரான்ஸின் லியோன் அணிக்குப் போய் 5 முறை ஐரோப்பிய சாம்பியன் கோப்பை வென்றார், தேசிய அணிக்குத் தலைவரானார். அந்த மன்னிப்போடு அவர் நின்றுவிடவில்லை.

2012இல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டபோது ஜப்பானின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே விமானத்தில் போயின. ஆண்களுக்கு உயர்வகுப்பு இருக்கை. உலகக் கோப்பை வென்ற பெண்களுக்கு மலிவு வகுப்பு. இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று சவா பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே கேட்டார். பெண்கள் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். திரும்பும்போது அவர்களுக்கும் உயர்வகுப்பு கிடைத்தது. உலகத்தின் முதல் இடத்தில் இருந்தும் ஒரு இருக்கைக்கு இன்னொரு பதக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

நம் மண்ணில் ஒரு பழைய வழக்கு

இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு இது புதிய கதை இல்லை. பெண் உடம்பு பொதுவெளியில் எப்படித் தெரிய வேண்டும் என்று யார் முடிவு செய்வது? இந்த வழக்கு நாஞ்சில் நாட்டிலும் அதைச் சுற்றிய தென் திருவிதாங்கூரிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து 1822 முதல் 1859 வரை மூன்று கட்டமாக மூண்ட தோள்சீலைப் போராட்டத்தை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். சந்தைகளில் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அனுமதி அறிவிப்பு வெளியிட்டார். அந்த அனுமதியிலும் ஒரு நிபந்தனை இருந்தது. கிறித்தவ நாடார் பெண்களைப்போலக் குப்பாயம் போடலாம், முக்குவத்திகளைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறெப்படியும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது.

அரசாணையில் எங்கள் கடப்புறத்துப் பெண்கள் இடம்பெற்றது இப்படித்தான்: எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதைக் காட்டும் அளவுகோலாக.

2004இல், ஃபிஃபாவின் அன்றைய தலைவர் செப் பிளாட்டர், பெண்கள் கால்பந்து இன்னும் பிரபலமாக வேண்டுமானால் ஆட்டக்காரர்கள் இறுக்கமான கால்சட்டை அணியலாம் என்றார். 2011 ஜூனில், உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஈரான் பெண்கள் அணி தலைமுக்காடு அணிந்திருந்த காரணத்தால் ஜோர்டானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தை ஆட முடியாமல் இழந்தது. அந்தத் தடையை ஃபிஃபா 2014இல்தான் நீக்கியது. மூடாதே என்றவர், இறுக்கு என்றவர், கழற்று என்றவர், அரைக்கால் சட்டை போட்டால் ஊர் என்ன சொல்லும் என்று இன்று கேட்கிறவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவளுடைய உடம்பு என்ன செய்யக்கூடியது என்று அவர்களில் யாரும் கேட்பதில்லை.

கடல் கொண்டுவந்த பெண்கள்

2011இல் ஜப்பான் என்றதும் நம் கரைக்கு நினைவுக்கு வந்தது கால்பந்து இல்லை. மார்ச் 11 சுனாமியும் ஃபுகுஷிமாவும்தான். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலும் கொட்டில்பாடும் மேலமணக்குடியும் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சிகளை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த வருடமே நம் கிழக்கு எல்லைக்கு அப்பால் இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் பெண்கள் பந்தலில் அமர்ந்தார்கள். ஃபுகுஷிமா என்ற பெயரை அவர்கள் சரியாக உச்சரித்தார்கள்.

அதே ஃபுகுஷிமா அணு மின் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்த மின் நிறுவனத்தின் பெண்கள் அணிக்கு ஆடியவர் கரினா மருயாமா. உலகக் கோப்பைக் காலிறுதியில், ஜெர்மனியை அதன் சொந்த மண்ணில் வெளியேற்றிய ஒரே கோலை அடித்தவர் அவர்தான். பயிற்சியாளர் நோரியோ சசாகி ஆட்டத்துக்கு முன் சுனாமிப் படங்களை அணிக்குக் காட்டினார். அவர்கள் யாருக்காக ஓடினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு, கடலூரில். 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், நீச்சல் கற்றுத்தரப்படாதவர்கள், சேலை காலைச் சுற்றியதால் விழுந்தவர்கள். ஓடக் கற்றுத்தராமல் வளர்ப்பதன் விலை அன்று கரையில் கிடந்தது. அந்தக் கடலில் பெற்றோரை இழந்து காப்பகத்துக்கு வந்த சிறுமிகள் சிலர் கடலூரில் கால்பந்து கற்றார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளர் இருந்தார், மைதானம் இருந்தது, சாப்பாடும் காலணியும் எப்படியோ கிடைத்தன. கடலூர் தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் நாற்றங்கால் ஆனது.

2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, அசைக்க முடியாததாகக் கருதப்பட்ட மணிப்பூரை இறுதியில் 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. 2019இல் மதுரைப் பக்கத்துச் சேது எஃப்சி இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடி தேசிய சாம்பியன். கடலூரில் உருவாகி இந்திய அணிவரை போன இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் பயிற்சி நின்றபோது சென்னைத் தெருக்களில் காவல் பணியில் இருந்தார். பகலில் வேலை, மாலையில் பந்து என்றிருந்த ஜப்பானியப் பெண்களின் தங்கை என்றே அவரைச் சொல்லலாம். சூசைராஜின் பெயரைத் தெரிந்த நம் வீடுகளில் இந்துமதியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

என்ன வேண்டும்?

இணையத்தில் பிரபலமானால் பெண்கள் விளையாட்டு வளர்ந்துவிடும் என்று சொல்கிறார்கள். சவாவின் கதை வேறு வரிசையைச் சொல்கிறது. முதலில் வந்தது 1989இன் லீக். அதில் சம்பளமோ வேலையோ. பிறகு 20 வருடம் தோற்றுத் தோற்று ஆட ஓர் இடம். 7,196 என்ற எண் இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது. அது வந்த பின்னும் முழுத் தொழில்முறை லீக் அமைய ஜப்பானுக்கு 2021 ஆனது. புகழ் ஒரு நொடியில் வரும். மைதானம் அப்படி வராது.

சவா 2015 டிசம்பரில் ஓய்வு பெற்றார். 6 உலகக் கோப்பைகள், 205 சர்வதேச ஆட்டங்கள், 83 கோல்கள். கடைசி ஆட்டம் பேரரசி கோப்பையின் இறுதி. அதில் விழுந்த ஒரே கோல் அவருடையது. 37 வயது.

நம் கடப்புறத்துப் பெண்களின் கால்களில் வலு இல்லாமல் இல்லை. மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மைல்கணக்கில் நடந்த கால்கள் அவை. 2017 டிசம்பரில், ஒக்கிப் புயலில் தொலைந்த ஆண்களைத் தேடித் தரச் சொல்லிக் கடலோர ஊர்கள் திரண்டு குழித்துறை ரயில் பாதையில் உட்கார்ந்தபோது அங்கே வந்த கால்கள். தேவைப்படும்போதெல்லாம் வெளியே வந்த அந்தக் கால்கள் விளையாட மட்டும் வரக் கூடாது என்பதற்கு என்ன காரணம் சொல்வோம்?

பெரிய அரங்கு எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்த மணல் பெண் பிள்ளைகளுக்கு என்று ஊரும் பங்கும் கிளப்புகளும் சேர்ந்து முடிவு செய்தால் போதும், தொடங்கிவிடலாம். கூட ஒரு பயிற்சியாளரும் உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும். வயதுக்கு வந்த மறுமாதமும் அவள் மணலில் இறங்க வேண்டும். கருவாட்டை அன்றைக்கு அண்ணன் அள்ளட்டும்.